வயதைக் கேட்கும் மூன்று பலகைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பள்ளிக்கு நடந்து வரும் ஒரு மாணவர் வழியில் மூன்று அறிவிப்புகளைக் கடக்கிறார். தொழிற்சாலை வாயிலில் ஒன்று: 18 வயதுக்குட்பட்டவர்கள் இங்கு வேலைக்கு அமர்த்தப்படுவதில்லை. பெட்டிக்கடையில் ஒன்று: 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம். பெரும்பாலும் இதன் மேல் பாக்குப் பொட்டலச் சரம் தொங்கிக்கொண்டிருக்கும். எழுத்தில் பாதிதான் தெரியும். மூன்றாவது மதுக்கடையில்: 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்கப்படமாட்டாது.

இந்த மூன்று பலகைகளை வைத்து எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் இரண்டு பாடவேளைக்கு ஒரு பாடத்தை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பாடநூலில் இப்படி ஒரு தலைப்பு இல்லை. குடிமையியலில் சட்டம் பற்றிப் பேசும் இடத்தில் துணைப்பாடமாகச் சேர்த்துக்கொள்கிறேன். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றக் கூட்டத்துக்கும் இது பொருந்துகிறது. “குடிக்காதே” என்று சொல்வது இதன் நோக்கமல்ல. அதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். மாணவர்களும் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். விற்பவர் ஏன் வயதைக் கேட்க வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் கேள்வி. கேள்வியை அப்படித் திருப்பி வைத்தவுடன், பின்வரிசையில் அமர்ந்து எப்போதும் ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள் கூடப் பேசத் தொடங்குகிறார்கள்.

குற்றம் யாருடையது?

தொடக்கக் கேள்வி இது: “16 வயதுப் பையன் ஒருவன் ஒரு மதுபாட்டிலை வாங்கிவிட்டான். சட்டம் யாரைக் கேட்கும்?” வகுப்பே சேர்ந்து “அந்தப் பையனை” என்கிறது. மூன்று ஆண்டுகளிலும் இதே விடைதான். ஓய்வறையில் சக ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்களும் அதையே சொன்னார்கள்.

விதிகளின் வாசகம் வேறு திசையில் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மது சில்லறை விற்பனை (கடைகள் மற்றும் மதுக்கூடங்கள்) விதிகள் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்கின்றன. அது விற்பவருக்கு இடப்பட்ட கட்டளை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 77ஆவது பிரிவின்படி, தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவு இல்லாமல் 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மதுவையோ, போதைப்பொருளையோ, புகையிலைப் பொருளையோ கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. அந்தப் பிரிவில் குழந்தைக்குத் தண்டனை என்று ஒரு சொல்லும் இல்லை.

“கொடுப்பவர்” என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிடுவேன். கடைக்காரர் என்று சட்டம் சொல்லவில்லை; கொடுப்பவர் என்கிறது. பொங்கலன்று மாமா விளையாட்டாக ஒரு மடக்கு கொடுத்தாலும் அவர் கொடுப்பவர்தான். இந்த இடத்தில் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். நான் அந்த அமைதியைக் கலைப்பதில்லை. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பதும் இல்லை.

மற்ற இரண்டு பலகைகளும் இதே மாதிரிதான். புகையிலைச் சட்டம் 2003இல் வந்தது. அதுவும் விற்பவரைத்தான் பிடிக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயது வரை எந்த வேலைக்கும், 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கும் தடை வந்தது. குடும்பத் தொழில், கலை போன்ற சில விலக்குகள் உண்டு. அங்கும் சட்டம் முதலில் தேடுவது வேலை கொடுப்பவரைத்தான். பலகை பார்ப்பதற்கு நம்மை நோக்கி இருக்கிறது. ஆனால் அது பேசுவது பலகைக்குப் பின்னால் நிற்பவரிடம். இதைப் புரிந்துகொள்ள முதல் பாடவேளையில் பாதி போய்விடும். போகட்டும்.

ஹோட்டல்காரர் ஏன் அட்டை கேட்கிறார்?

தமிழ்நாட்டில் மது விற்பனையின் அமைப்பை மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சினிமாவில் வரும் மதுக்கூடமும் ஜி.என்.டி. சாலையோரம் தெரியும் கடையும் ஒன்றாகத் தோன்றுகின்றன. டாஸ்மாக் நிறுவனம் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இதைத் தவிர நட்சத்திர ஹோட்டல்களும் மனமகிழ் மன்றங்களும் தனி உரிமம் பெற்று மதுக்கூடம் வைத்திருக்கின்றன. இட்லியும் பிரியாணியும் விற்கும் சாதாரண உணவகத்துக்கு மது பரிமாற அனுமதி இல்லை.

பெரிய ஹோட்டல் ஒன்றின் மதுக்கூடத்தில் இளைஞர் போய் உட்கார்ந்தால் பணியாளர் அடையாள அட்டை கேட்கிறார். ஏன்? இளைஞரின் நலனில் அவருக்கு அக்கறை என்று ஒரு மாணவி சொன்னார். இருக்கலாம். ஆனால் அக்கறையை நம்பி எந்த அரசும் விதி எழுதுவதில்லை. அந்த ஹோட்டலுக்கு அறை வாடகை உண்டு, கல்யாண மண்டபம் உண்டு, உணவகம் உண்டு. இவை எல்லாவற்றோடும் சேர்ந்து ஓடுவது மது உரிமம். ஒரு பாட்டில் பீரில் கிடைக்கும் லாபத்துக்காக அந்த உரிமத்தைப் பணயம் வைப்பது கணக்குக்குச் சரிவராது. இழப்பதற்கு நிறைய இருப்பவர் கேட்கிறார். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் கேட்பதில்லை. என் பாடத்தின் உயிர்நாடி இதுதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். வயது நிறையாதவருக்கு மதுக்கூடம் மது பரிமாறி, அவர் வண்டி ஓட்டி யாரையாவது மோதிவிட்டால், பாதிக்கப்பட்டவர் அந்த மதுக்கூடத்தின் மீதே நட்டஈடு வழக்குப் போடலாம்.

பிரிட்டனில் மது வாங்கும் வயது 18. ஆனால் அங்குள்ள பல கடைகள் 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எல்லோரிடமும் அட்டை கேட்கின்றன. ஏழு ஆண்டு இடைவெளி எதற்கு என்று வகுப்பில் கேட்டால் பதில் வராது. அப்போது ஒரு சோதனை வைப்பேன். ஆசிரியர்கள் சிலரின் இருபது வயதையொட்டிய பழைய புகைப்படங்களைப் பெயர் சொல்லாமல் காட்டி, வயதை எழுதச் சொல்வேன். ஒரே படத்துக்கு 16 என்றும் 28 என்றும் விடை வரும். மீசை இருந்தால் நான்கைந்து ஆண்டு கூட்டிவிடுகிறார்கள். ஒல்லியாக இருந்தால் குறைத்துவிடுகிறார்கள். அந்தப் படம் யாருடையது என்று கடைசியில் சொல்லும்போது எழும் சத்தத்தைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்கிறார். முகத்தைப் பார்த்து வயது சொல்வது எவ்வளவு நம்ப முடியாதது என்பதை அதன் பிறகு விளக்கத் தேவையிருக்காது.

18இல் வாக்கு, 21இல் மது

ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும் கேள்வி: “18 வயசுல ஓட்டுப் போடலாம், கம்பெனியில வேலைக்குப் போகலாம். இதுக்கு மட்டும் ஏன் மிஸ் 21?” நல்ல கேள்வி. மழுப்பக் கூடாது.

நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 21ஆக இருந்து, 1989இல் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 18 ஆனது. அமெரிக்காவில் 1971இல் இதே மாற்றம் நடந்தது. அதையொட்டி அங்கே பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் குறைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் இளைஞர்களின் சாலை மரணங்கள் கூடின. அவற்றில் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 1984இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: மது வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. வாக்குரிமை வயது 18ஆகவே நின்றது. ஒரு வயது உரிமைக்கு, ஒரு வயது பாதுகாப்புக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை என்பதை அந்தப் பட்டறிவு காட்டுகிறது.

அறிவியல் ஆசிரியரையும் இந்த இடத்தில் பத்து நிமிடம் வரவழைத்துவிடுவேன். திட்டமிடுதல், ஆத்திரத்தை அடக்குதல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள், 21இல் தொடங்கியவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக மதுவுக்கு அடிமையாகிறார்கள் என்று 1990களின் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. சீக்கிரம் தொடங்கியவர்களின் வீட்டுச் சூழலும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் வயது ஒன்றின் தலையில் கட்டிவிட முடியாது. மாணவர்களிடம் இதையும் சொல்லிவிடுவது நல்லது. முழுதாகச் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

பிறகு வரைபடம். கேரளத்தில் 23, அங்கு 2017இல் 21இலிருந்து உயர்த்தினார்கள். டெல்லியில் 25. புதுச்சேரியில் 18. ஆந்திரத்தில் 21. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா வந்துவிடும் என்பதால் ஆந்திரத்தைப் பற்றி இங்குள்ள பிள்ளைகள் கேட்காமல் விடுவதில்லை. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. “புதுச்சேரிக்குப் போனா மூளை மூணு வருஷம் முன்னாடியே வளர்ந்துடுமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். சிரித்து முடித்த பிறகு ஏழாவது அட்டவணையைத் திறந்தோம். மது, மாநிலப் பட்டியலின் 8ஆவது இனம். எனவே ஒவ்வொரு மாநிலமும் தன் வரலாறு, வருவாய், மக்கள் கருத்து ஆகியவற்றைப் பார்த்துக் கோடு போடுகிறது. அரசியலமைப்பின் 47ஆவது உறுப்பு மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கியதிலிருந்து நம் மாநிலம் மதுவிலக்கைக் கொண்டுவந்தும் எடுத்தும் வந்திருக்கிறது. மதிப்பெண் அட்டவணையில் வராத அந்த வரலாற்றைப் பத்தாம் வகுப்பில் தனியாக எடுக்கலாம்.

இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்: இலங்கையிலும் 21தான், 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. மலேசியாவில் 2017 டிசம்பரில் 18ஐ 21 ஆக்கினார்கள்.

சேர்க்கைப் பதிவேடு என்னும் சாட்சி

வயதைக் கேட்கலாம், சரி. எதை வைத்து நம்புவது? இங்கேதான் நம் வேலை உள்ளே வருகிறது.

நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள் பலருக்கு அந்தக் காலச் சோதனை நினைவிருக்கும். பள்ளியில் சேர்க்க வந்த குழந்தை வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா. பிறகு ஜூன் மாதத்தில் ஐந்து நிறைய வேண்டும் என்பதற்காக, பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் மே, ஜூன் மாதத் தேதிகள் எழுதப்பட்டன. பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் ஊரில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் பிறந்ததுபோல் இருக்கும். எங்கள் பள்ளியின் பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பெயர்களை மறைத்து வகுப்பில் காட்டி, மாதவாரியாகப் பட்டை வரைபடம் போடச் சொன்னேன். மே, ஜூன் பட்டைகள் தாளை விட்டே வெளியே போயின. கணக்கு ஆசிரியருக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துவிட்டது.

சிரிப்புக்குரிய விஷயம் என்றாலும் அந்தப் பதிவேடுதான் சட்டத்தின் முன் முதல் சாட்சி. ஒருவர் குழந்தையா என்பதை எப்படி முடிவு செய்வது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு வரிசை போட்டிருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆதாரில் உள்ள தேதியைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியையே ஏற்றது. தொழிற்சாலை வாயிலில் ஒப்பந்தக்காரர் பார்ப்பதும் மதுக்கூடப் பணியாளர் பார்ப்பதும் பெரும்பாலும் ஆதார்தான். ஆனால் தகராறு என்று வந்தால் எல்லோரும் திரும்பி வருவது நம் அலமாரிக்கு.

எங்கள் பகுதியில் இது சிறிய விஷயமல்ல. உருட்டாலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் வருகிறார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது, மறுப்பதும் இல்லை. பிறந்த நாள் கேட்டால் தாய் “சட் பூஜைக்கு நாலு நாள் முன்னாடி” என்பார். அதைக் கேட்டு, எந்த ஆண்டு என்று கணக்குப் பார்த்து, தேதியைத் தேடி எழுத அரை மணி நேரம் ஆகும். ‘1.1’ என்று எழுதிவிட அரை நிமிடம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவழியுங்கள் என்பது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள். ஓர் ஆண்டு கூடுதலாக எழுதினால் 17 வயதுப் பிள்ளை உலைக்கு முன்னால் 18ஆக நிற்பார். திருத்த வேண்டியிருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வர் பட்டியல் போவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும். அதன் பிறகு அலைச்சல்தான்.

கடைக்காரர் நாற்காலி

இரண்டாம் பாடவேளை நடிப்பு. ஒரு மாணவர் விற்பவராக நாற்காலியில் அமர்வார். மற்றவர்கள் அட்டையில் உள்ளபடி வாடிக்கையாளர்களாக வருவார்கள். மீசை வைத்த 17 வயதுக்காரர். வாக்காளர் அட்டையோடு வரும் 19 வயதுக்காரர். அட்டை எதுவும் இல்லாத 23 வயதுக்காரர். கையில் சின்னப் பையனைப் பிடித்துக்கொண்டு வரும் 40 வயதுக்காரர். அப்பா தந்த துண்டுச் சீட்டோடு வரும் 12 வயதுச் சிறுமி. ஒவ்வொருவரிடமும் என்ன கேட்பது, கொடுப்பதா மறுப்பதா, மறுத்தால் எந்தச் சொற்களில் என்று நாற்காலியில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டும். வாங்க வருபவர் பாத்திரம் எளிது. எல்லோரும் கேட்டு வாங்குவார்கள். விற்பவர் நாற்காலியில் அமர்ந்தவுடன் வியர்க்கிறது. 19 வயது வாக்காளரிடம் “உங்க கார்டே உங்களை மாட்டிவிடுதுண்ணா” என்று மறுத்த மாணவிக்கு வகுப்பு கைதட்டியது.

என் மாணவர் ஒருவரின் தந்தை மதுக்கடை விற்பனையாளர். பாடத்துக்காக அவரிடம் பேசினேன். கம்பி வலைக்குப் பின்னால் நின்று மாலை நெரிசலில் ஒவ்வொரு கையாகப் பார்க்க வேண்டும் என்றார். “சின்னப் பையனா தெரிஞ்சா நான் கேட்டுடுவேன் டீச்சர். அவன் போயிடுவான். மூணு நிமிஷத்துல ஒரு பெரியவர் வந்து ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்குவாரு. அவர் வயசை நான் என்ன கேக்கறது?” விதி எங்கே நின்றுவிடுகிறது என்பதை எந்தப் புத்தகத்தைவிடவும் அவர் தெளிவாகச் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. “ரேஷன் கடையில அரிசிக்குக் கைரேகை வைக்கறோம். இங்க ஏன் மிஸ் வைக்கல?” இதற்கு விவாதம் நடந்தது. ரேஷனில் இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று உரிமை இருக்கிறது; அதனால் யார் என்று தெரிய வேண்டும். மதுவுக்கு யார் என்று தெரிய வேண்டியதில்லை, 21 ஆகிவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒரு தரப்பு. கைரேகை வைத்தால் யார் எவ்வளவு குடிக்கிறார் என்ற பட்டியல் ஓரிடத்தில் சேர்ந்துவிடும், அது சரியா என்று இன்னொரு தரப்பு. “எங்கப்பா பேரு லிஸ்ட்ல வந்தா நல்லதுதான்” என்று ஒரு சிறுமி சொன்னார். அதற்கு மேல் அன்று யாரும் வாதாடவில்லை.

தூர விதியையும் இந்தப் பாடவேளையில் தொடலாம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை கூடாது என்று அதே 2003 விதிகள் சொல்கின்றன. ஆனால் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று திட்டக் குழுமம் வகுத்த இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது என்ற விலக்கும் உடன் இருக்கிறது. தொழிற்பகுதியில் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இந்த விலக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்று நினைக்கிறேன்.

கேட்காதவர் இருக்கும் இடம்

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். சில வாரம் மணியடிக்கும் முன்பே வந்துவிடுவான். சில வாரம் இறைவணக்கக் கூட்டம் முடிந்த பிறகுதான் வருவான். வருகைப் பதிவேட்டில் தாமத நாள்களைப் பென்சிலால் குறித்துப் பார்த்தபோது, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் என்று ஒழுங்கு தெரிந்தது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் எவருக்கும் இந்த ஒழுங்கு புரியும். ஏ, பி, சி என்று ஷிஃப்ட் சுற்றி வருகிறது. தாமத வாரம், அப்பாவின் சி ஷிஃப்ட் வாரம்.

கடைக்காரர் நாற்காலிப் பாடத்தின்போது அவன் கேட்டான்: “காலைல விக்கறவரு வயசு கேப்பாரா மிஸ்?” மதியம் தனியாக மீதியைச் சொன்னான். இரவு 10 மணிக்குப் போகும் அப்பா காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருவார். கடை திறப்பது பகல் 12 மணிக்கு. நடுவில் ஒரு சந்தில் ஒருவர் ‘பிளாக்’கில் விற்கிறார். அவரிடம் இவனை அனுப்புகிறார்கள். புத்தகப் பையோடு போகும் பிள்ளையை யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா? போன சில முறை அந்த ஆளே இன்னொரு வீட்டிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். பத்து ரூபாய் கொடுத்திருக்கிறார்.

உரிமம் இல்லாதவருக்கு இழக்க உரிமம் இல்லை. அவர் வயது கேட்பதில்லை. வயது குறைந்தவர்தான் அவருக்கு வசதி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. மது விற்க, சுமக்க, கொண்டு சேர்க்கக் குழந்தையைப் பயன்படுத்துபவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். இங்கும் குழந்தை பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அல்லர். நாம் அவனை எப்படிப் பார்க்கிறோம் என்பது இதைத் தெரிந்துவைத்திருப்பதைப் பொறுத்தது. “மது கடத்துகிறான்” என்று ஓய்வறையில் ஒரு வாக்கியம் விழுந்தால் அந்தப் பிள்ளை மறுநாள் வரமாட்டான்.

தலைமையாசிரியரிடம் மட்டும் சொன்னேன். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்கும் அவன் அம்மாவை அழைத்துப் பேசினோம். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு சனிக்கிழமை அப்பா வந்தார். நான் சட்டத்தை முதலில் எடுக்கவில்லை. மகனின் தாமத நாள்களைக் குறித்த பக்கத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பர்னஸ் முன்னாடி எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து தகர ஷீட்டு ரூம்ல பகல்ல தூங்கணும் டீச்சர். அது இல்லாம தூக்கம் வராது.” அதற்கு என்னிடம் பதில் இல்லை, அரசு மருத்துவமனையில் குடிநோய் சிகிச்சை இருப்பதைச் சொன்னேன். பிறகுதான் 78ஐப் படித்துக் காட்டினேன். மகனை இனி அனுப்பமாட்டேன் என்றார். அனுப்பவில்லை, சி ஷிஃப்ட் வாரத்திலும் பையன் மணிக்கு முன்னால் வருகிறான். அப்பா குடிப்பதை நிறுத்தவில்லை. சந்தில் விற்றவரைப் பற்றிப் புகார் போனது. இரண்டு வாரம் அந்த இடம் வெறிச்சோடியது. இப்போது வேறு சந்து என்கிறார்கள்.

இதுபோன்ற செய்தி காதில் விழுந்தால் வகுப்பின் நடுவில் விசாரிக்க வேண்டாம். பிள்ளை சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்து, தலைமையாசிரியரிடம் மட்டும் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417, கள்ளத்தனமான மது விற்பனை பற்றிப் புகார் சொல்ல 10581, குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு 14446. இந்த நான்கையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் கடைசி எண்ணைத்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பாடத்தின் சிறிய வடிவம் ஒன்று போதும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் பீடிக்கும் பாக்குக்கும் கடைக்கு அனுப்புகிறார்கள். அப்பாவிடம் “முடியாது” என்று சொல்லப் பத்து வயதுக் குழந்தையால் ஆகாது. அப்படிச் சொல்லச் சொல்வதும் நியாயமில்லை. “எனக்குக் குடுத்தா கடைக்கார அண்ணனை ஜெயில்ல போட்டுடுவாங்கப்பா” என்று சொல்லிப் பழக்கலாம். இது பொய்யும் அல்ல. மறுக்கும் சுமை குழந்தையின் தலையிலிருந்து சட்டத்தின் தலைக்குப் போய்விடுகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் இதைச் சொல்லி வெற்றி பெற்றதாக எங்கள் ஒன்றியத்தின் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னார். ஓர் அப்பா சிரித்துக்கொண்டே தானே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாராம்.

நடிப்புக்கான அட்டைகள் இதுவரை தமிழில் மட்டுமே இருந்தன. நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிட்டார்கள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் ஒடியாவில் எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். 40 வயதுக்காரர் அட்டையை எழுதும்போது, கையில் பிடித்து வரும் சின்னப் பையனுக்கும் பேச வசனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.